சுவருக்குள் குடிவந்தவை

தெல்லிப்பழையிலிருந்து:
எங்கள் பழைய வீட்டின் மேற்குச் சுவரில் போர்க்காலத்தில் செல் (எறிகணை) துண்டு துளைத்த ஓட்டை ஒன்று, நாங்கள் மீளக்குடியமர்ந்து பல வருடங்களாகியும் பூசப்படாமலே கிடந்தது. சென்ற சித்திரையில் அதன் வழியே தேனீக்கள் போய்வரத் தொடங்கின. சுண்ணாம்புக்கல் சுவர் என்பதால் உள்ளே எவ்வளவு வெற்றிடம் உண்டென்று எவருக்கும் தெரியாது. இரவில் காதை வைத்தால் அயல் தோட்டத்தில் இறைப்பு மெஷின் ஓடுவதுபோன்ற இரைச்சல் கேட்கும். இருளில் அவை அடங்கியதும் அடைத்துவிடலாம் என்று மச்சான் சொல்ல, நானும் மறுக்காமல் சீமெந்து குழைத்துக் கொடுத்தேன். விடிந்தபோது அவை வயர் குழாய்க்குள்ளால் வந்து, சுவிட்ச் பெட்டி வழியாக அறையை நிறைத்துக்கொண்டிருந்தன. அம்மாவுக்கு ஏழு கொட்டு. கொடுக்குகளை நகத்தால் வழித்தெடுக்கக் குனிந்தபோது அவருடைய கையில் வாழைப்பழ வாசனை அடித்தது. கொட்டிய தேனீ மற்றவற்றை அழைக்கும் வாசனை அதுதான் என்று முன்பே அறிந்திருந்தால், அவரை அங்கேயே இருத்தி வைத்துக் கொடுக்குகளை எண்ணிக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

கோண்டாவிலிலிருந்து:
பூசியது பிழையில்லை, முதலில் பூசியதுதான் பிழை. பொந்துகளில் தேன்வதைகளை அடுக்கடுக்காகத் தொங்கவிடும் அடுக்குத் தேனீயாகத்தான் அது இருந்திருக்கும். அதைப் பெட்டிக்கு மாற்றலாம். எங்கள் குசினிச் சுவரில் இருந்த கூட்டுக்கு, தேனீ வளர்க்கும் ஒருவர் வந்து பொச்சுமட்டைப் புகை காட்டி, இரண்டு கற்களைப் பெயர்த்து, புழுக்கள் இருந்த வதைகளை வாழைநாரால் சட்டங்களில் கட்டினார். இராணித் தேனீயைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு மணித்தியாலம் சென்றது. வெளியே போனவை திரும்பி வந்து சேரட்டும் என்று பெட்டியைப் பொழுதுபடும்வரை சுவரோடு ஒட்டியே வைத்திருந்தார். மிஞ்சிய மெழுகைச் சுரண்டிக் கழுவாமல் விட்டால் அந்த வாசனைக்கே அடுத்த கூட்டம் வந்துவிடுமாம். அவற்றைச் செய்து முடித்த பின்னரே சீமெந்து பூசினோம்.

காரைநகரிலிருந்து:
அந்தப் புகையைக் குளவியிடம் கொண்டுபோய்விடாதீர்கள். எங்கள் முகட்டுச் சுவரின் உச்சியில், ஓட்டுக்குச் சற்றுக் கீழே, வயிற்றின் முன்பகுதி செம்மஞ்சளாகவும் பின்பகுதி கறுப்பாகவும் உள்ள குளவிகள் பானையளவில் கூடு கட்டியிருந்தன. மாமா தென்னோலைச் சூளுடன் ஏணியில் ஏறினார். குளவி கொடுக்கை விட்டுச் செல்வதில்லை, ஒன்றே பலமுறை கொட்டும். அவர் கீழே வந்து சேர்வதற்குள் முப்பதுக்கு மேற்பட்ட கொட்டுகள் வாங்கியிருந்தார். சுண்ணாம்பு தடவினால் போதும் என்று பிடிவாதமாக இருந்தவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுத்தோம். ஆஸ்பத்திரியில் உடனே அட்ரினலின் ஏற்றினார்கள். பல கொட்டுகளின் நஞ்சு சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால், அவர் எழுந்து நடமாடிய பின்னரும் இரண்டு நாள் மறித்து வைத்து, சிறுநீரின் அளவையும் நிறத்தையும் பார்த்தே வீட்டுக்கு விட்டார்கள். ஏணி இன்னமும் அந்தக் கூட்டுக்குக் கீழேதான் சாத்தியபடி நிற்கிறது.