மறு: பெர்ஃபார்மேட்டிவ் – ‘செய்சொல்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஆங்கில மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டினின் ‘பெர்ஃபார்மேட்டிவ்’ (performative, அதாவது சொல்வதன் மூலமே ஒரு செயலைச் செய்துவிடும் வாக்கியம்) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன போடலாம் என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> நிகழ்த்துகலை என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். அதே வழியில் ‘நிகழ்த்துகூற்று’ என்று போட்டால் வாசகருக்கு உடனே புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். ஜே. எல். ஆஸ்டின் 1955-ல் ஹார்வர்டில் ஆற்றிய 12 உரைகள், அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1962-ல் நூலாக வந்தன. மேடையில் நடிகர் சொல்வதும் கவிதைக்குள் வருவதும் தன் ஆய்வுக்குள் வராது, அவை இயல்பான பேச்சின் மேல் ஒட்டுண்ணியாக வாழ்பவை என்று அதில் வெளிப்படையாகவே ஒதுக்கிவிடுகிறார். எதை வாசலிலேயே நிறுத்தினாரோ அதையே பெயரில் ஏற்றி உள்ளே கூட்டிவருவானேன்? ‘நிகழ்த்து’ என்றதும் நமக்குத் தெருக்கூத்தும் கச்சேரியும்தானே நினைவுக்கு வருகின்றன.

‘கூற்று’ அதைவிட மோசம். பள்ளித் தேர்வில் ‘கூற்று சரி, காரணம் தவறு’ என்று குறித்துக் குறித்துப் பழகியவர்கள் நாம். கூற்று என்றாலே சரியா தவறா என்றுதான் பார்ப்போம். ஆஸ்டின் சண்டை போட்டது அந்தப் பழக்கத்தோடுதான். போருக்கு முன், 1936-ல், மெய்யியலாளர் ஏ. ஜே. அயர் ஒரு கறாரான வரம்பு போட்டிருந்தார். வாக்கியம் தருக்கத்தாலேயே உண்மையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுபவத்தால் சரிபார்க்க வழியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அதற்குப் பொருளே இல்லை. போர்க்காலத்தில் உளவுத்துறையில் நார்மண்டி தரையிறக்கத்துக்கான தகவல்களைச் சலித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு திரும்பிய ஆஸ்டின், ரொம்பச் சாதாரண வாக்கியங்களை எடுத்து வைத்தார். ‘இந்தக் கப்பலுக்கு ராணி எலிசபெத் என்று பெயரிடுகிறேன்’ என்று சொல்லி அதன் முகப்பில் பாட்டிலை உடைப்பவர் எதையும் வருணிக்கவில்லை, பெயர் வைக்கிறார். அதை உண்மையா பொய்யா என்று கேட்க இடமே இல்லை.

> அந்த நூலின் பிற்பகுதியில் ஆஸ்டினே இந்தப் பிரிவினையைக் கலைத்துவிடுகிறாரே? கூறுவதும் ஒரு செயல்தான் என்றல்லவா முடிக்கிறார்?

ஆமாம், கலைக்கிறார். அதனால்தான் தொடக்கத்தில் இரண்டும் இரண்டு பெயராக நிற்க வேண்டும் என்கிறேன். உண்மையா பொய்யா என்று பார்க்கத்தக்கது கூற்று, சொல்வதாலேயே செயலாவது மற்றது. முதல் பக்கத்திலேயே இரண்டையும் கூற்று என்று அழைத்துவிட்டால், பிற்பாடு அவர் சுவரை இடிக்கும்போது வாசகருக்கு எந்தச் சுவர் என்றே தெரியாது.

நான் முன்வைப்பது செய்சொல். தொல்காப்பியத்தின் திரிசொல் போல வினைத்தொகை. (செய் என்றால் வயலும்தான், நன்செய், புன்செய் என்று யாரும் குழம்ப மாட்டார்கள் என நம்புகிறேன்.) வினைத்தொகையில் காலம் மறைந்திருப்பது இங்கே பெரிய வசதி. ஆங்கிலத்தில் இத்தகைய வாக்கியத்தின் முன்மாதிரி வடிவமாக ஆஸ்டின் எடுத்துக்கொள்வது தன்மை ஒருமை நிகழ்காலம். தமிழில் ‘உறுதியளிக்கிறேன்’ உண்டு, ஆனால் வரம் கொடுக்கும் சாமி ‘தந்தேன்’ என்று இறந்தகாலத்தில்தான் கொடுக்கிறது. தண்டோராக்காரரோ ‘இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்’ என்று தன்மையையே விட்டுவிடுகிறார். அந்த ‘இதனால்’ ஆஸ்டினின் சோதனைச் சொல்லும்கூட: அது பொருந்தி வந்தால் பெரும்பாலும் செய்சொல்.

சரி, உண்மை பொய் இல்லையென்றால் வேறு எதை வைத்து மதிப்பிடுவது? இத்தகைய வாக்கியம் பலிக்கத் தேவையானவற்றை ஆஸ்டின் வழியில் felicity conditions என்பார்கள்; அதற்கு ‘மகிழ்ச்சி நிபந்தனைகள்’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். மன்னிக்கவும், கல்யாண மண்டப வாடகை ஒப்பந்தம் மாதிரி இருக்கிறது. நம்மிடம் செல்லும், செல்லாது என்று அருமையான இணை இருக்கிறது. காசு, ஓட்டு, பத்திரம் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறோம். ஆஸ்டின் தரும் காட்சி ஒன்று: கப்பல் தயாராக நிற்கிறது, பெயர் வைக்க வேண்டியவர் வருவதற்குள் எவனோ ஓர் ஆள் பாட்டிலைப் பிடுங்கி உடைத்து, ‘இதற்கு மிஸ்டர் ஸ்டாலின் என்று பெயர்’ என்று கத்திவிட்டு முட்டுக்கட்டையையும் உதைத்துத் தள்ளிவிடுகிறான். பாட்டில் உடைந்தது, வார்த்தையும் சொல்லியாகிவிட்டது, ஆனால் பெயர் செல்லாது. அவனுக்கு அந்த அதிகாரம் இல்லை. நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் தரும் வாக்குறுதி வேறு வகை: அது செல்லும், ஆனால் போலி. செல்லாமை, போலி என்ற இரண்டு சொல்லோடு நூலில் இதைப் பேசும் பகுதியில் பெரும்பாலானதை மொழிபெயர்த்துவிடலாம்.

பாலினத்தை விளக்க இதே ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்ட அமெரிக்கச் சிந்தனையாளர் ஜூடித் பட்லர் வரும்போது என்ன செய்வது என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். அங்கே ‘நிகழ்த்து’ இருக்கட்டும். மேற்கோளாகத் திரும்பச் சொல்லப்படும் தன்மை விபத்து அல்ல, எல்லாப் பேச்சுக்கும் அடிப்படையே அதுதான் என்று பிரெஞ்சு மெய்யியலாளர் தெரிதா 1971-ல் மாண்ட்ரியாலில் வாதிட்ட பிறகு, ஆஸ்டின் ஒதுக்கிய மேடை நடுவுக்கு வந்துவிட்டது. 1990-ல் பட்லர் பாலினத்தைப் பற்றிச் சொல்வதில் திரும்பத் திரும்பச் செய்வதுதான் மையம். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொல் வந்தால் வாரிசுத்தொடர் அறுந்துவிடும் என்பது நியாயமான கவலைதான். அதற்கு மொழிபெயர்ப்பாளர் முன்னுரையில் ஒரு பத்தி எழுதிவிடலாம். தவறான சொல்லைப் பத்திகளால் திருத்த முடியாது.

மிச்சம் இருப்பது, ஒரு பேச்சை ஆஸ்டின் பிரிக்கும் அந்த மூன்று அடுக்கு. முதலாவது வெறுமனே சொல்லுதல். அடுத்த இரண்டையும் ஆஸ்டின் in, by என்ற ஆங்கில முன்னிடைச் சொற்களை வைத்துப் பிரிக்கிறார்; நமக்கு வேற்றுமை உருபே போதும். சொல்லில் நடப்பது எச்சரிக்கை, சொல்லால் விளைவது பயம். ‘இதனால் உங்களை எச்சரிக்கிறேன்’ என்றால் எச்சரித்தாயிற்று. ‘இதனால் உங்களைப் பயமுறுத்துகிறேன்’ என்றால் சிரிப்பார்கள். ஆகவே சொல்லில் செயல், சொல்லால் விளைவு. ‘சொல்லிற்செயல்’ என்று புணர்த்தி எழுதச் சொல்லி யாராவது வருவீர்கள், தெரியும். இலக்கணப்படி சரிதான். ஆனால் இல், ஆல் இரண்டும் கண்ணில் படுவதற்காகத்தான் இந்த ஏற்பாடே, அதனால் பிரித்தே எழுதுவோம்.

அன்புடன்.