கியர் மோட்டாருக்குத் தமிழ்ச்சொல்: பற்சக்கரமா, பல்லிணையா?

பொழுதுபோக்காக ரோபோ செய்யத் தொடங்குவோர் கையில் பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது, மஞ்சள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு சிறு மோட்டாரும் வெள்ளைப் பற்சக்கரங்களும் அடங்கிய கியர் மோட்டார்தான். பேச்சில் அந்தப் பெயரே போதும். அதை மாற்றச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுத உட்காரும்போது, கியர், கியர்பாக்ஸ், கியர் ரேஷியோ என்று அடுத்தடுத்து வரும் சொற்களுக்கெல்லாம் ஈடுகொடுக்கும் ஒரு வேர்ச்சொல் தேவைப்படுகிறது.

மோட்டாருக்கு மின்னோடி, மின்னியக்கி என்ற இரண்டும் வழக்கில் உள்ளன. இவற்றுள் மின்னியக்கியை நான் ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. மோட்டாருக்கு மின்சாரத்தைக் கட்டுப்படுத்தி அனுப்பும் எல்293டி போன்ற டிரைவர் சில்லுகளை இயக்கி என்று எழுதும் பழக்கம் பரவிவிட்டதால், ‘மின்னியக்கியை இயக்கியுடன் இணைக்கவும்’ என்ற வாக்கியத்தைப் படிப்பவர் எதை எதனுடன் இணைப்பது என்று விழிக்க வேண்டியிருக்கும். மோட்டார் சுழல்கிறதே தவிர ஓடவில்லையே என்று மின்னோடிக்கு ஒரு மறுப்பு எழலாம். ஆயினும் ‘மோட்டார் ஓடுகிறது’ என்றுதான் நாம் அனைவரும் சொல்கிறோம். மொழி ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட ஒன்றை நாம் திருத்த வேண்டியதில்லை.

கியர் என்ற பகுதிதான் சிக்கலானது. ‘பற்சக்கர மின்னோடி’ என்பது புணர்ச்சியிலும் பொருளிலும் பிழையற்றது. பள்ளிப் பாடம் படித்த எவருக்கும் விளங்கும். ஆனால் பொம்மைக் கார்களில் வரும் வெற்று மோட்டார்கள் சிலவற்றின் தண்டிலும் ஒரு சிறு பற்சக்கரம் செருகப்பட்டிருக்கும். அவற்றையும் இதே பெயரால் அழைக்கலாம் என்பதால், இந்தச் சொல்லைக் கேட்டவர் வேகம் குறைக்கப்படாத மோட்டாரை வாங்கிச் சக்கரத்தில் நேரடியாக மாட்டி, வண்டி நகரவில்லையே என்று திகைக்க இடமுண்டு. நாம் பெயரிட விரும்புவது தனியொரு சக்கரத்தை அன்று, ஒன்றோடொன்று கவ்விச் சுழலும் சக்கரங்களின் உறவை.

‘குறைவேக மின்னோடி’ என்ற பரிந்துரை பயனை முன்னிறுத்துவதால் கவர்ச்சியாக இருந்தாலும், பாதி உண்மையையே சொல்கிறது. மஞ்சள் மோட்டார்களில் பரவலாகக் கிடைக்கும் வகையின் விகிதம் 1:48. வெளித்தண்டு ஒருமுறை சுற்ற, உள்ளே மோட்டார் 48 முறை சுற்றுகிறது. வெளித்தண்டு நிமிடத்துக்கு 200 சுற்றுச் சுற்றினால், மோட்டார் 9,600 சுற்றுச் சுற்றியிருக்கும். இழந்த வேகத்துக்கு ஈடாக, தண்டைச் சுழற்றும் வலுவான திருப்புவிசை (டார்க்), உராய்வில் போவது போக, ஏறத்தாழ அதே மடங்கு கூடுகிறது. மின்னழுத்தத்தைக் குறைத்தாலும் வேகம் குறையும். ஆனால் திருப்புவிசையும் உடன் குறைந்துபோகும். இந்த இரண்டையும் வேறுபடுத்தாத பெயர், புதியவரைத் தவறான வழிக்கே அனுப்பும்.

ஆகவே ‘பல்லிணை மின்னோடி’ என்பதையே முன்மொழிகிறேன். பல்லும் பல்லும் இணைவது பல்லிணை. பல்கலைக்கழகத்தில் ‘பல்’ என்பது பலவற்றைக் குறிப்பதுபோல இங்கும் ‘பல இணைகள்’ என்று ஒருவர் பிரித்துப் படிக்கக்கூடும். கூட்டைத் திறந்து பார்த்தால் அப்படிப் படித்தவரும் ஏமாறமாட்டார் என்பது இந்தச் சொல்லுக்கு வாய்த்த நல்லூழ்! பல்லிணைப்பெட்டி, பல்லிணை விகிதம் என்று அது தடையின்றிக் கிளைக்கிறது. பற்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளியால் வரும் ஆட்டமான பேக்லாஷுக்குப் ‘பின்னடிப்பு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைத் தவிர்த்துப் ‘பல்லிடைத் தளர்வு’ எனலாம். மின்சாரமில்லாத நிலையில் சக்கரத்தை விரல் நுனியால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால், எதையும் உந்தாமல் சற்றே ஆடிவிட்டுப் பிறகு பல் பல்லில் முட்டி நிற்பதை உணரலாம். அந்த ஆட்டமே பல்லிடைத் தளர்வு.

இந்த மோட்டார்கள் ஒரே திசையில் பாயும் மின்னோட்டத்தில், அதாவது டிசியில், ஓடுபவை. பெயரில் டிசியைக் குறிக்க ‘நேர்மின்’ என்று சுருக்குவது கூடாது. நேர்மின்வாய், நேர்மின்சுமை என்னுமிடங்களில் அது பாசிட்டிவ் என்ற பொருளில் நிலைத்துவிட்டது. நேர்திசை மின்னோட்டம் என்ற பாடநூல் வழக்கு தெளிவானது, ஆனால் தொடருக்குள் நீளம் தாங்காது. இலங்கை வழக்கிலுள்ள நேரோட்டம் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது: நேரோட்டப் பல்லிணை மின்னோடி. மின் என்பதும் ஒருமுறைதான் வருகிறது.

எஞ்சியிருப்பது வோர்ம் கியர் மோட்டார். அதில் பல்லோடு பல் இணைவதில்லை. திருகுபோன்ற தண்டின் புரி, சக்கரத்தின் பல்லைத் தள்ளுகிறது. புரியின் சாய்வு போதிய அளவு குறைவாக இருந்தால் சக்கரத்தால் தண்டைத் திருப்பித் தள்ள முடியாது என்பதால், ரோபோவின் கை மின்சாரம் நின்ற பின்னும் தூக்கிய சுமையோடு அப்படியே நிற்கும். வோர்ம் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து இதைப் ‘புழுப் பல்லிணை’ என்று எழுதினால் புழு எங்கிருந்து வந்தது என்று விளக்கத் தனிக் குறிப்பு தேவைப்படும். திருகும் பல்லும் இணைவதால் ‘திருகிணை மின்னோடி’ என வைத்துக்கொண்டால், பல்லிணைக்கு உடன்பிறப்பாகவும் இருக்கும், வேறுபாடும் பெயரிலேயே தெரியும்.