புதுப்பிப்பு: அம்மாவுக்கு லெக்கானிமாப் போடலாமா?

அல்சைமர் உள்ள அம்மாவுக்கு லெக்கானிமாப் மருந்து ஏற்றலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டோம். முடியாது என்றுவிட்டார். அது நோயின் தொடக்க நிலைக்கு மட்டும்தான். அம்மா அதைத் தாண்டிவிட்டார்.

மனசு விட்டுப்போச்சு. ஆனால் விவரம் கேட்டபிறகு கொஞ்சம் தெளிந்தேன். 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில் அந்த மருந்து நோயை நிறுத்தவில்லை, சரிவைத்தான் 27 சதவீதம் மெதுவாக்கியது. நினைவையும் அன்றாடச் செயல்பாட்டையும் அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், போலி மருந்து பெற்றவர்களோடு வித்தியாசம் 0.45 புள்ளி. சிலருக்கு மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரலாம். அல்சைமரோடு தொடர்புடைய ஏபிஓஇ4 மரபணு இரண்டு பிரதி இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் இடையிடையே எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறார்கள்.

எங்களுக்கு உதவியது பழைய மாத்திரைதான். அல்சைமருக்கு அம்மா எடுக்கும் டோனெபெசில் மாத்திரையை இரவிலிருந்து காலைக்கு மாற்றச் சொன்னார் மருத்துவர். கெட்ட கனவு கண்டு அலறுவது நின்றிருக்கிறது. கூடவே மெமன்டின் என்ற இன்னொரு அல்சைமர் மருந்து, குறைந்த அளவில் தொடங்கி வாராவாரம் கூட்டுகிறோம்.

மூன்று வாரமாக "யாருப்பா நீ?" என்றே கேட்டுக்கொண்டிருந்தவர், நேற்று மாலை துண்டை மடித்தபடியே என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நன்றாகத் தூங்கியதால்தான் என்று நினைக்கிறேன். அடுத்த முறை மருத்துவரைப் பார்த்ததும் எழுதுகிறேன்.