அம்மாவுக்கு ஜெய்ப்பூர் கால், கப்பல் ஐந்து துறைமுகத்தில் நிற்கும்: எங்கே இறக்குவது?

முல்லைக்கரை எழுதியது:

வணக்கம். முல்லைத்தீவிலிருந்து எழுதுகிறேன். அண்ணா சுவிஸில். வருகிற செப்டெம்பரில் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு, ஒரு கிழமைக் கப்பல் பயணத்துக்குக் காசும் கட்டிவிட்டார். கட்டிய பிறகுதான் எங்களுக்குச் சொன்னார், அது அவருடைய வழக்கம். பார்சலோனாவில் ஏற வேண்டும். பிறகு மார்செய், ஜெனோவா, ரோமுக்குப் போகிற சிவிற்றாவெக்கியா, பலெர்மோ, மோல்ற்றாவின் வலெற்றா. ஒரு நாள் முழுக்கக் கடல், திரும்பவும் பார்சலோனா.

அம்மாவுக்கு 64 வயது. 2009இல் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் கால் போட்டுத் தடியோடு நடப்பார். எங்கள் வீட்டிலிருந்து சந்திக்கடை 300 மீற்றர் இருக்கும். போகும்போது ஒருதரம் நிற்பார், வரும்போது இரண்டுதரம். கைபிடி இருந்தால் பத்துப் படி ஏறுவார், இல்லாவிட்டால் என் தோள். கடற்கரை மணலில் என்னைவிட நன்றாக நடப்பார், பிறந்ததே அதில்தான். வெயில் ஏறினால் வெட்டிய காலின் முனை வீங்கி, அதை நுழைக்கிற சொக்கெற் இறுக்கும், அன்றைக்கு நடை அவ்வளவுதான்.

கப்பல்காரரின் சுற்றுலாப் பட்டியலை அண்ணா அனுப்பியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நடக்கிற மனிதரின் படம் போட்டிருக்கிறது. சுலபம் என்றால் ஒருவர், கடினம் என்றால் மூவர். அம்மா பார்த்துவிட்டு, “இந்த மூண்டு பேரும் எங்க ஓடுகினம்?” என்று கேட்டார்.

என் கேள்வி இதுதான். கப்பல்காரரின் சுற்றுலாவை எடுப்பதா, நாங்களே இறங்கிப் பார்ப்பதா? எந்தத் துறைமுகத்தை விட்டுவிடலாம்? சக்கர நாற்காலி என்ற பேச்சையே அம்மா எடுக்க விடுகிறார் இல்லை. “தள்ளிக்கொண்டு போறதெண்டால் என்னை மடு மாதா கோயிலில விட்டிட்டு நீங்கள் போங்கோ” என்கிறார். அவர் கேட்பது ஒன்றே ஒன்று, ரோமில் இராயப்பர் (புனித பேதுரு) கோயில். அப்பாவும் தாத்தாவும் கடலுக்குப் போனவர்கள். இராயப்பரும் மீன் பிடித்தவர்தானே, அதனால் எங்கள் வீட்டில் அவர் சொந்தக்காரர் மாதிரி.


கிளிநொச்சி நாலு சில்லு எழுதியது:

தங்கச்சி, நான் 2009இலிருந்து சக்கரக் கதிரையில். கிளிநொச்சியில் கடை வைத்திருக்கிறேன். 2019இல் ஜெர்மனியில் இருக்கிற அக்கா குடும்பத்தோடு இதே கடலில் ஒரு கிழமை போனேன். முதல் இரண்டு துறைமுகத்தில் மடைத்தனமாகக் காசைக் கொட்டிவிட்டுத்தான் மற்றதுகளைப் பழகினேன். அந்தச் செலவு உங்களுக்கு மிச்சம்.

முதலில் அண்ணாவிடம் ஒன்று கேளுங்கோ. அம்மாவின் காலைப் பற்றிக் கப்பல்காரருக்கு எழுதிக் கொடுத்தாரா? அதற்கென்று தனிப் படிவம் இருக்கிறது. இரவில் காலைக் கழற்றிய பிறகு அம்மா எப்படிக் குளிப்பார், எப்படி மலசலகூடம் போவார்? சாதாரண அறையின் குளியலறை ஒரு அலுமாரி அளவுதான், வாசலில் ஒரு தடுப்புப் படியும் இருக்கும். படியில்லாத அறை ஒரு கப்பலில் கொஞ்சம்தான், முந்தியவருக்குக் கிடைக்கும். அது முடிந்துவிட்டால் குளிக்கிற இடத்துக்கு ஒரு இருக்கையாவது எழுதிக் கேளுங்கோ. ஐரோப்பாவில் இதற்குச் சட்டம் இருக்கிறது, 1177/2010 என்ற விதி. ஏறுகிற துறைமுகத்தில் உதவி வேண்டுமென்று 48 மணித்தியாலத்துக்கு முன் சொல்லிவிட்டால் காசில்லாமல் செய்து தர வேண்டும். இரக்கப்பட்டுச் செய்வதில்லை, அவர்களின் கடமை. அப்படி நினைத்தே கேளுங்கோ.

அடுத்தது, கப்பல் மேடையில் கட்டுகிறதா, நடுக்கடலில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் இறக்குகிறதா என்று ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கேட்க வேண்டும். படகென்றால் அலையைப் பார்த்து அன்றைக்குக் காலையில்தான் “கதிரைக்காரர் வேண்டாம்” என்பார்கள். சன்ரொறினியில் எனக்கு அதுதான் நடந்தது. மேல்தட்டில் இருந்து தீவைப் பார்த்துக்கொண்டே மத்தியானச் சாப்பாட்டை முடித்தேன். நீங்கள் சொல்கிற ஐந்தும் பெரிய துறைமுகங்கள், வழக்கமாக மேடையில்தான் கட்டும். ஆனாலும் இறங்குபாலத்தின் சாய்வு எங்கேயும் ஒரேமாதிரி இருக்காது. காலையில் சமமாக இருந்தது பின்னேரம் ஏத்தமாக நிற்கும்.

இனி அந்த நடக்கிற மனிதரின் படம். நானும் ஒற்றை மனிதரை நம்பித்தான் ஒரு சுற்றுலா எடுத்தேன். பஸ்ஸுக்கு நாலு உயரப் படி. இறங்கினால் முட்டைமுட்டையாகக் கல் பதித்த தெரு, வழிகாட்டி குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுகிறாள். நாற்பது பேருக்காக அவள் ஓட வேண்டும், அவளைக் குறை சொல்லி என்ன? “சுலபம்” என்றால் மலை ஏறத் தேவையில்லை என்று மட்டும்தான் அர்த்தமாம். அதனால் படத்தைப் பார்க்காமல் வாயால் கேளுங்கோ: எத்தனை மீற்றர் நடை, எத்தனை படி, கைபிடி உண்டா, தரை என்ன தரை, பஸ்ஸுக்குத் தூக்கி உண்டா, மலசலகூடம் எங்கே. இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் ரிக்கெற் வாங்க வேண்டாம்.

ரோமுக்கு மட்டும் கப்பல்காரரின் வண்டியை எடுங்கோ. துறைமுகத்திலிருந்து ரோம் சுமார் 80 கிலோமீற்றர், பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். வழியில் நெரிசலாகிப் பிந்தினாலும் தங்கள் சுற்றுலாவில் போனவர்களுக்காகக் கப்பல் நிற்கும். தனியாகப் போனவருக்கு நிற்காது, அடுத்த துறைமுகத்துக்கு நீங்களே செலவழித்துப் போய் ஏற வேண்டும். கொண்டுபோய் விட்டு, பிறகு வந்து ஏற்றுகிற வண்டியும் அந்தப் பட்டியலில் அநேகமாக இருக்கும். வழிகாட்டி இல்லை, ஓட்டமும் இல்லை. அம்மாவுக்கு அதுதான் சரி. எங்கே இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து கோயில் எவ்வளவு தூரம் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கோ.

இராயப்பர் பேராலயத்துக்குள் போகக் காசில்லை. வெளியே சோதனை வரிசை மிக நீளம். கதிரையோடு போனால் காவலர் பெரும்பாலும் முன்னுக்கு விடுவார்கள், படியில்லாத வழியும் காட்டுவார்கள். முற்றம் முழுக்கக் கறுப்புச் சின்னக் கல். அந்தக் கல்லுக்கு அவர்கள் வைத்த பெயரே சம்பியெத்ரினி, இராயப்பரின் பெயரிலிருந்து வந்தது. தடியின் நுனி அதன் இடுக்கில் மாட்டும், கவனம். கப்பல் நிற்கிற நாள் புதனா என்று பாருங்கோ. புதன் காலையில் பாப்பரசர் மக்களைச் சந்திக்கிற நாட்களில் மத்தியானம் வரை உள்ளே விடமாட்டார்கள். உள்ளே வெண்கலத்தில் இராயப்பர் இருந்தபடி ஒரு சிலை இருக்கிறது. வலது பாதத்தைச் சனம் நூற்றாண்டுக் கணக்காகத் தொட்டுத் தொட்டு விரல்களே அழிந்து மொழுமொழுவென்று போய்விட்டது. அம்மாவை அங்கே கொண்டுபோங்கோ.

ரோமில் அன்றைக்கு வேறொன்றும் வேண்டாம். கொலோசியத்தில் லிப்ற் இருக்கிறது, அதையும் பார்ப்போம் என்று அண்ணா சொல்லுவார். அண்ணாமார் அப்படித்தான்.

மார்செயில் கப்பல் நிற்கிற இடம் பழைய துறைமுகத்திலிருந்து நல்ல தூரம். நானென்றால் அன்றைக்கு இறங்கமாட்டேன். எல்லோரும் இறங்கிப் போன கப்பலில் தடாகமும் லிப்றும் உங்களுக்கே. ஜெனோவாவில் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பெரிய மீன் காட்சியகம், 1992இல் திறந்தது. லிப்ற், சமதரை, நிழல், கக்கூசு எல்லாம் உண்டு. வலெற்றா மலைமேல் இருக்கிற ஊர், ஆனால் துறைமுகக் கரையிலிருந்து பறக்கா லிப்ற் 58 மீற்றர் ஒரே தூக்காகத் தூக்கித் தோட்டத்தில் விடும். மத்தியானம் பன்னிரண்டுக்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள். அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கோ, அல்லது அந்த நேரம் தள்ளிப் போங்கோ. நான் சொல்லாமல் மாட்டுப்பட்டேன். கை நடுக்கம் நிற்க ஒரு தேத்தண்ணி தேவைப்பட்டது.

கடைசியாகக் கதிரை. கப்பலில் இருக்கிற கதிரை ஏற்றி இறக்க மட்டும்தான், ஊருக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். மடிக்கிற கதிரை ஒன்று நீங்களே கொண்டுபோங்கோ. விமானத்தில் அதற்குத் தனிக் காசு எடுப்பதில்லை. அம்மாவை அதில் இருக்கச் சொல்லவே வேண்டாம். தண்ணிப்போத்தல், சால்வை, உங்கள் பை எல்லாவற்றையும் அதில் வைத்து அம்மாவையே தள்ளச் சொல்லுங்கோ. தடியைவிட நல்ல பிடி. களைத்தால் தானே பையைத் தூக்கிவிட்டு இருப்பார். என் மாமியை அப்படித்தான் மாற்றினோம்.


ஓமந்தை எழுதியது:

கால் பொருத்துகிற இடத்தில் வேலை செய்தவன் என்ற முறையில் கொஞ்சம். விமானத்தில் நீண்ட நேரம் தொங்கப்போட்டு இருந்தால் முனை வீங்கும். கப்பல் சாப்பாட்டு உப்பும் சேர்ந்து வீங்க வைக்கும். முனைக்குப் போடுகிற காலுறை தடிப்பும் மெல்லிசுமாக ஆறேழு சோடி வேண்டும். முனை மெலிந்து சொக்கெற் தளர்ந்தால் தடிப்பு, வீங்கி இறுகினால் மெல்லிசு. கழற்றிய பிறகு பாவிக்க இரண்டு ஊன்றுகோலும் கட்டாயம் வேண்டும், அதுவும் கட்டிலுக்குப் பக்கத்தில், ஏனென்றால் இரவில் கப்பல் ஆடும். சொக்கெற் இப்போதே இறுக்கம் என்றால் செப்டெம்பர் வரை வைத்திருக்க வேண்டாம், போய்ச் சரிபார்த்துவிடுங்கோ. புதுச் சப்பாத்தோடு கப்பல் ஏற வேண்டாம். குதி உயரம் மாறினால் நடையே மாறும்.


மன்னார்க்காரி, பலெர்மோ எழுதியது:

அக்கா, எங்கள் ஊருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே! பலெர்மோவில் கப்பல் நிற்கிறதே நகரத்தின் வாசலில். சுற்றுலா தேவையில்லை. இங்கே எங்கள் சனம் நிறைய. சாந்தா ரொசாலியா மலைக்கோயிலுக்கு கிறிஸ்தவரும் சைவக்காரரும் சேர்ந்துதான் போவோம். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது ஊரைக் காத்தவர் என்று இத்தாலியரும் விழுந்து கும்பிடுகிற அம்மா. கோயில் ஒரு குகை. மேலே பாறையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தகரப் பீலி வைத்துப் பிடித்திருப்பார்கள்.

உண்மையைச் சொல்ல வேண்டும், கார் படியடி வரைதான் போகும். அதற்குப் பிறகு படி, பத்தல்ல, நிறைய. உங்கள் அம்மாவை அதில் ஏற்ற வேண்டாம். ரொசாலியாவின் வெள்ளிப் பேழை கீழே பேராலயத்தில்தான் இருக்கிறது, வாடகைக் காரில் வாசலடியில் இறங்கலாம். ஏறுவதற்கு முன்பே காசு பேசுங்கோ. பழைய சந்தைப் பக்கம் கல் ஈரமாக இருக்கும், மீன் கழுவின தண்ணி.


முல்லைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் பெரிய நன்றி. அண்ணாவோடு கதைத்தேன். படிவம் கொடுக்கவில்லையாம்! நேற்று அனுப்பிவிட்டார். படியில்லாத அறை முடிந்துவிட்டது, குளியல் இருக்கை தருவதாகப் பதில் வந்திருக்கிறது. நாள் பார்த்தோம், ரோம் வெள்ளிக்கிழமை. கொலோசியம் பற்றி அவர் ஆரம்பித்தார், நான் கிளிநொச்சி அண்ணை எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன்.

மார்செயில் இறங்கவில்லை. ஜெனோவா மீன் காட்சியகத்தைச் சொன்னபோது அம்மா, “உயிர் மீனைக் கண்ணாடிக்குள்ள பார்க்கக் காசோ? விடியக்காலமை எங்கட வாடிக்கு வந்தால் சும்மா பார்க்கலாமே” என்றார். ஆனாலும் வருவாராம், திருக்கை இருக்குமா என்று தெரிய வேண்டுமாம்.

கதிரை பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். அரிசிப் பை ஒன்றை அதில் வைத்துச் சந்திக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். போகும்போது நிற்கவே இல்லை. வரும்போது அரை வழியில் அரிசியை என் தலையில் ஏற்றிவிட்டு ஏறி இருந்துவிட்டார். நான் வாயே திறக்கவில்லை.

வெண்கலச் சிலையைப் பற்றி வாசித்ததும், “வலது காலோ? வடிவாப் பார்த்துச் சொல்லு” என்று இரண்டுதரம் கேட்டார். வலது கால்தான் என்றேன்.

பலெர்மோத் தங்கச்சி, மெழுகுதிரி இங்கேயிருந்து கொண்டுவரட்டோ என்று கேட்கச் சொன்னார்.


மன்னார்க்காரி, பலெர்மோ எழுதியது:

மெழுகுதிரி வேண்டாம் அக்கா, கோயில் வாசலிலேயே விற்கிறார்கள். ஒடியல் மா ஒரு கிலோ கொண்டுவரச் சொல்லுங்கோ. கப்பல் கட்டுகிற நேரத்தை மட்டும் சொல்லுங்கோ, வாசலில் நிற்பேன்.