‘ஹோஸ்ட் கம்யூனிட்டி’: விருந்தை இழுக்க வேண்டுமா?

வணக்கம்.

மலேசியாவின் கேமரன் மலை ரிங்லட் வட்டாரத்துக்கு நாம் தயாரிக்கும் சுற்றுப்பயணி வினாத்தாளில் ‘ஹோஸ்ட் கம்யூனிட்டி’க்கு, அதாவது பயணிகள் வந்துபோகும் ஊரில் வாழ்கிறவர்களுக்கு, மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: ஓம்புநர் சமூகம், விருந்தோம்பு சமூகம், தலக்குடிகள். மூன்றும் எனக்கு ஒப்பவில்லை.

முதலாவதை உயிரியல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய ஓம்புயிரிக்கு (இன்னோர் உயிருக்கு இடம் கொடுக்கும் உயிர்) எதிர்ப்பக்கம் நிற்பது ஒட்டுண்ணி. சுற்றுப்பயணியை அந்த இடத்தில் நிறுத்தலாமா? (பள்ளி விடுமுறையில் தாப்பா சாலையில் மாட்டிக்கொண்டவர்கள் தாராளமாக நிறுத்தலாம் என்பார்கள்.)

‘விருந்தோம்பு’தான் பெரிய சிக்கல். விருந்தோம்பல் துறை என்றால் தங்குவிடுதி, உணவகம் என்று ஆகிவிட்டது. ‘விருந்தோம்பு சமூகம் உங்களிடம் எப்படி நடந்துகொண்டது?’ என்று கேட்டால், வந்தவர் அறைச்சாவி கொடுத்த பையனைத்தான் நினைப்பார். அந்தப் பையன் வினாத்தாளின் சேவைத்தரப் பகுதியில் ஏற்கெனவே இருக்கிறான். நாம் தேடுவது கூலி வாங்காதவர்களை. தோட்டத்துக்குப் பிரியும் முனையில் வழி சொல்கிறவர், கோயில் திருவிழாவில் ஒதுங்கி இடம் விடுகிறவர், தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் காயும் துணியைப் படம் பிடித்தால் முறைக்கிறவர். இவர்கள் யாரையும் விருந்துக்கு அழைக்கவில்லை. தாப்பாவிலிருந்து ரிங்லட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஏறுவது 59ஆம் எண் கூட்டரசுச் சாலை. வார இறுதியில் அது அடைத்துக்கொண்டால் மருத்துவமனைக்குப் போகிறவரும் ஸ்ட்ராபெரி பறிக்க வந்தவரும் ஒரே வரிசை. முகச்சுளிப்பு அங்கேதான் தொடங்குகிறது. சுற்றுலா ஆய்வாளர் டோக்ஸி, பயணிகள் பெருகப் பெருக ஊராரின் மனம் மாறுவதை 1975இல் படிகளாக அடுக்கியதும் இதைத்தான்: பூரிப்பு, பாராமுகம், எரிச்சல், பகை. விடுதி எவ்வளவு பணிவிடை செய்தாலும், ஊர் மூன்றாம் படிக்கு வந்துவிட்டால் ‘இடம் பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். விடுதிக்காரர் தன் காசைப் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. இரண்டையும் கலந்து அளந்தால் குறை எங்கே என்றே தெரியாமல் போகும்.

தலக்குடிகள், ஓசை நன்று. ஆனால் குடி என்றதும் குடியுரிமை வந்து ஒட்டிக்கொள்கிறது. இன்று கொழுந்து பறிப்பவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பயணிகள் கேமராவில் அதிகம் சிக்குவதும் அவர்களே. அவர்களை வெளியே நிறுத்திவிட்டு எந்தச் சமூகத்தை அளப்பது?

என் பரிந்துரை: தலத்தார். சுற்றுலாத் தலத்தில் வாழும் எவரும். ஊரார், நாட்டார் வரிசையில் நிற்கும், கூட்டுச்சொல்லுக்கும் வளையும்: தலத்தார் மனப்பாங்கு, தலத்தார்–பயணி உறவு.

———

> என் பரிந்துரை: தலத்தார்.

ஐயா, தலம் என்றால் நம்மவர்களுக்குக் கோயில்தான் முதலில் நினைவுக்கு வரும். தலத்தார் யார், ஆலய நிர்வாகமா என்பார்கள். ஆய்வுக் கட்டுரை தாங்கும், வினாத்தாள் தாங்காது. வினாவில் ‘இவ்வூர் மக்கள்’ போதும்.

இன்னொன்று. ஒட்டுக்கடை அக்கா எந்தப் பக்கம்? காலையில் தே தாரேக் ஆற்றிக் கொடுக்கிறவர், மாலையில் பேருந்து நிறுத்தத்தில் வழி சொல்கிறாரே.

சொல்லைவிட எனக்குக் கவலை சேவைத்தரப் பகுதிதான். பரசுராமன், சைதாமல், பெர்ரி மூவரும் 1988இல் கொடுத்த செர்வ்குவால் என்ற சேவைத்தர அளவுகோலில் கூறுகள் ஐந்து, கூற்றுகள் 22. ஒவ்வொன்றையும் எதிர்பார்த்தது எவ்வளவு, கண்டது எவ்வளவு என இருமுறை கேட்க வேண்டும். அந்த ஐந்தில் இரண்டு, ரிலையபிலிட்டி (சொன்ன சேவையைத் தவறாமல் தருவது), அஷ்யூரன்ஸ் (ஊழியரின் அறிவும் பணிவும் தரும் உறுதி). நம் வரைவில் ரிலையபிலிட்டியும் நம்பிக்கை, அஷ்யூரன்ஸும் நம்பிக்கை. விடை எழுதுகிறவர் இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போடுவார். ஒன்றாக நகரும் விடைகளைச் சேர்த்துக் கட்டும் காரணிப் பகுப்பாய்வில் ஐந்து நான்காகச் சுருங்கும். பிறகு ‘மலேசியத் தமிழருக்குச் சேவைத்தரம் நான்கே கூறு’ என்று யாராவது ஆய்வேடே எழுதிவிடுவார்கள்.

———

> ஒட்டுக்கடை அக்கா எந்தப் பக்கம்?

காசு கைமாறிய சந்திப்பு சேவை. மாறாதது தலத்தார் கணக்கு. ஆளைப் பிரிக்காமல் சந்திப்பைப் பிரித்தால் போதும், அம்மா. வினாவின் தலையில் ‘காசு கொடுத்து எதையும் பெறாத நேரத்தில் நீங்கள் சந்தித்த இவ்வூர் மக்களை நினைத்துப் பதில் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி. கட்டுரைக்குத் தலத்தார், வினாவுக்கு இவ்வூர் மக்கள் என்பதை ஏற்கிறேன்.

நம்பிக்கை விஷயம் சரியான பிடி. ரிலையபிலிட்டி ‘சொன்னபடி செய்தல்’ ஆகட்டும்: ஆறு மணி என்ற வேன் ஆறுக்கு வருவது, பலகையில் போட்ட விலையே பில்லிலும் இருப்பது. அஷ்யூரன்ஸ் ‘தெளிவும் பணிவும்’. அது தலைப்புக்கு மட்டும். கூற்றுக்குள் இரண்டையும் சேர்த்து எழுதினால், விவரம் தெரிந்தும் சிடுசிடுத்த வழிகாட்டிக்கு எந்த எண்ணைப் போடுவது என்று திணறுவார்கள்.

ஆனால் இருமுறை என்றால் 44 விடை. தேயிலைக் கடை வாசலில் பிள்ளை அழ, மழை தூற, யார் நிற்பார்? எதிர்பார்ப்புப் பகுதியில் எல்லாரும் உச்ச எண்ணான 7க்கே வட்டம் போடுவார்கள். கண்டதிலிருந்து அதைக் கழித்தால் எல்லா இடத்துக்கும் குறைதான் விடை. ஊரைச் சுற்றி முடித்தபின் ‘என்ன எதிர்பார்த்து வந்தீர்கள்?’ என்று கேட்பதிலும் பொருளில்லை, கண்டது அதைத் திருத்திவிட்டிருக்கும். குரோனினும் டெய்லரும் 1992இல் அந்தப் பாதியையே விட்டுவிட்டு, கண்டதை மட்டும் கேட்டார்கள். செர்வ்பெர்ஃப் எனப்படும் அந்த வழியில் 22 போதும்.

கடைசிப் பகுதிக்கு வரைவில் ‘நிறைவு’ என்று தலைப்பிட்டிருக்கிறது. அதை மாற்றுங்கள். தாளின் அடியில் ‘நிறைவு’ என்று கண்டதும் படிவம் முடிந்தது என்று பேனாவை வைத்துவிடுவார்கள். திருப்தி என்றே இருக்கட்டும்.