நாடகத்துல கிராம்வெல் வேண்டாம்

ஜெபா: ஞாயித்துக்கிழமை சண்டே ஸ்கூல் நாடகம். எழுதினதை இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஆயர் ஐயாகிட்ட குடுக்கணும். கதை: 1647, இங்கிலாந்து, கேன்டர்பரி. கிராம்வெல் வந்து கிறிஸ்துமஸுக்குத் தடை போடுறாரு, வீடு வீடா பலகாரத்தைப் பிடுங்குறாரு. சரியா பெரியப்பா?

ரீட்டா அத்தை: 25 மத்தியானம் சாப்பாட்டுக்கு யார் யார்? தலைக்கணக்கு வேணும்

பிரின்ஸ்: நாங்க 4

குணசீலன் பெரியப்பா: ஜெபா, கிராம்வெல்லை எடுத்துரும்மா. 1647ல அவர் படைத்தளபதி, பாராளுமன்ற உறுப்பினர், அவ்வளவுதான். நாட்டுக்குத் தலைவர் ஆனது 1653 டிசம்பர்ல. தடை பாராளுமன்றம் போட்டது, அதுவும் படிப்படியா. 1642ல இருந்தே மாசத்தோட கடைசி புதன் உபவாச நாள். 1644ல டிசம்பர் 25 சரியா அந்தப் புதன்ல விழுந்துது. விருந்தா உபவாசமான்னு குழப்பம் வந்ததும், உபவாசம்தான்னு 19ஆம் தேதி உத்தரவு வந்துது. 1645ல புது ஆராதனை முறைமை வந்து, கர்த்தருடைய நாளைத் தவிர வேற பண்டிகை நாள் இல்லன்னு சொல்லிருச்சு. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே மூணையும் பேர் சொல்லி நீக்கின சட்டம் 1647 ஜூன்ல. பலகாரத்தைப் பேர் சொல்லித் தடுத்த சட்டம் எதுவும் இல்ல, அந்த வரியையும் அடிச்சிரு.

டேவிட் சித்தப்பா: வேதத்துல அந்தத் தேதி எங்க இருக்கு?

ஸ்டெல்லா சித்தி: டிசம்பர் வந்தாலே இந்தக் கேள்வி

ரீட்டா அத்தை: டேவிட் நீ வர்றியா இல்லையா அதைச் சொல்லு

டேவிட் சித்தப்பா: எங்க அசெம்பிளி சபையில கிறிஸ்துமஸ் கொண்டாடுறதில்லன்னு உனக்குத் தெரியும்க்கா

குணசீலன் பெரியப்பா: டேவிட் கேட்டதைத்தான் பியூரிட்டன்களும் கேட்டாங்க, அதாவது வேதத்துல இல்லாத சடங்கெல்லாம் சபையில வேண்டாம்னு சொன்ன புராட்டஸ்டன்டுகள். அவங்களை வில்லனா காட்டாதம்மா. தேவன் கட்டளையிட்டது வாரத்துக்கு ஒரு நாள், மத்த நாளையெல்லாம் மனுஷன் சேர்த்தான்னு உண்மையாவே நம்பினாங்க. பேர்ல ‘மாஸ்’ இருக்கு, அது ரோமன் கத்தோலிக்கத் திருப்பலின்னு அந்த வார்த்தையே சில பேர் சொல்ல மாட்டாங்க. அதுபோக அந்தக் காலத்துப் பண்டிகைன்னா குடி, சூதாட்டம், வசதியானவங்க வாசல்ல பாடி மதுவும் பலகாரமும் கேக்குறது. ஆனா ஏழைக்கு வருஷத்துல கிடைச்ச ஓய்வு அது. வேலைக்காரங்க, பயிற்சிப் பையன்கள், மாணவர்களுக்கு மாசத்துல ரெண்டாவது செவ்வாய் விடுமுறைன்னு பதிலுக்குக் குடுத்தும் ஜனங்க சமாதானமாகல.

பிரின்ஸ்: கேன்டர்பரில என்ன நடந்துது?

குணசீலன் பெரியப்பா: 1647 டிசம்பர் 25, சனிக்கிழமை. சந்தை கூடணும், கடை திறக்கணும்னு மேயர் உத்தரவு. 12 கடைதான் திறந்துது. மூடச் சொல்லி கூட்டம் கேட்டுது, கேக்கலன்னதும் சரக்கெல்லாம் தெருவுல சிதறிருச்சு. மேயரைக் கீழ தள்ளிட்டாங்க. தெருவுல கால்பந்து, வாசல்ல ஹாலி இலைக்கொத்து. கலகக்காரங்க மேல குற்றம் சாட்ட ஜூரி மறுத்துது. அந்த எதிர்ப்பு பாராளுமன்றத்துக்கு எதிரான மனுவாகி, 1648ல கென்ட் மாவட்டமே ஆயுதம் தூக்குற அளவுக்குப் போச்சு. உன் நாடகத்துக்கு இந்த ஒரு தெரு போதும்.

ஜெபா: கடைசி காட்சி?

குணசீலன் பெரியப்பா: 1657, லண்டன், ஜான் எவ்லின். நாட்குறிப்பு எழுதினவர். ஆராதனையில இருக்கும்போதே சிப்பாய்கள் சூழ்ந்துட்டாங்க, திருவிருந்து வாங்கப் போறவங்களை நோக்கி துப்பாக்கி. வசனமே வேண்டாம், அப்பமும் துப்பாக்கியும் ஒரே மேடையில தெரியணும். 1660ல ராஜா ஆட்சி திரும்ப வந்ததும் அந்தச் சட்டங்கள் செல்லாமப் போச்சு.

ஸ்டெல்லா சித்தி: அமெரிக்கால 5 ஷில்லிங் அபராதம்னாங்களே

குணசீலன் பெரியப்பா: மாசசூசெட்ஸ், 1659 முதல் 1681 வரை. விருந்து வச்சா மட்டுமில்ல, பண்டிகைன்னு வேலைக்குப் போகாம இருந்தாலும் அபராதம். 5 ஷில்லிங்னா கால் பவுண்டு. லண்டன் நெருக்கினதால எடுத்தாங்க, மனசு மாறி இல்ல. 1834ல மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனுக்குத் தலைமையிடம் அதே மாசசூசெட்ஸ்ல இருக்கிற பாஸ்டன், சபைகளும் அந்த பியூரிட்டன் வழி வந்தவை. மாசசூசெட்ஸ்ல கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை ஆனது 1850கள்லதான்!

பிரின்ஸ்: நம்ம தாத்தா படிச்ச மிஷன் ஸ்கூலா 😮

ரீட்டா அத்தை: அப்பா பேரை எடுத்தா அந்த வீட்டு விஷயம் வரும். வேண்டாம்

டேவிட் சித்தப்பா: நான் எதுவும் சொல்லலக்கா

ஜெபா: டிரஸ்? கறுப்பு அங்கி, பக்கிள் வச்ச தொப்பியா?

குணசீலன் பெரியப்பா: பக்கிள் பின்னால வந்த ஓவியர்கள் சேர்த்தது, வேண்டாம். எல்லாருக்கும் கறுப்பும் வேண்டாம், அது நல்ல நாள் உடுப்பு. கடைக்காரங்களுக்குக் காவி, பழுப்பு, கரும்பச்சை. ஹாலிக்குப் பச்சை சார்ட்ல விளிம்பு முள்ளு முள்ளா வெட்டி, சிவப்பு மணி மூணு ஒட்டு. மரம், ஸ்டார், சாண்டா மூணும் மேடைக்கு வரக்கூடாது.

ஸ்டெல்லா சித்தி: என்கிட்ட பழுப்புல போர்வை 2 இருக்கு

குணசீலன் பெரியப்பா: டேவிட், பியூரிட்டன் போதகர் வசனத்தை நீ எழுதிக் குடு. எங்களை விட உனக்குத்தான் அது நேர்மையா வரும்.

ஜெபா: ப்ளீஸ் சித்தப்பா. 8 வரி போதும்

டேவிட் சித்தப்பா: நாட்களை அனுசரிக்கிறதைக் கண்டிக்கிற கலாத்தியர் 4:10ல ஆரம்பிக்கலாம். ஒன்பது மணிக்கு அனுப்புறேன்

ரீட்டா அத்தை: அப்போ 25?

டேவிட் சித்தப்பா: 26 வர்றேன்க்கா. புள்ளைங்க விஷயம் பேசிட்டுச் சொல்றேன்

ரீட்டா அத்தை: 26ன்னா மட்டன் மறுபடி வாங்கணும். பிரின்ஸ், கடைக்காரர்கிட்ட கேளு

பிரின்ஸ்: எத்தனை கிலோ?

ஜெபா: மேயரா யார் நடிக்கிறது? கீழ விழணும், பெரிய பையனா வேணும்