முப்பதும் இருபதும் சேர்ந்தால் ஐம்பது வீதக் கழிவு ஆகாதா?

உவர்மலைக்காரி:
வணக்கம். சென்ற சனிக்கிழமை, மத்திய வீதியிலுள்ள ஒரு புடைவைக் கடையில் அம்மாவுக்குத் தீபாவளிச் சேலை எடுத்தேன். விலைச்சீட்டில் 8,000 ரூபாய் என்று அச்சிட்டு, அதன் குறுக்கே சிவப்புப் பேனாவால் 30% என எழுதியிருந்தார்கள். வாசலில் தொங்கிய பதாகையில் "மேலதிகமாக 20% கழிவு" என்று இருந்தது. இரண்டையும் கூட்டி அரைவிலைதான் என்று நம்பி 4,000 ரூபாயை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு, காசாளர் 4,480 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டை நீட்டினார். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றதால் ஒன்றும் பேசாமல் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். 480 ரூபாய் கூடுதலாக அறவிட்டார்களா, அல்லது என் கணக்குத்தான் பிழையா?

நிலாவெளி ஆசிரியர்:
தங்கச்சி, காசாளரின் கணக்குச் சரியானது. முதற் கழிவு 8,000 ரூபாய்க்கு உரியது. அதில் 2,400 போக மிஞ்சுவது 5,600. இரண்டாவது கழிவு அந்த 5,600 ரூபாய்க்குத்தான் கிடைக்கும். அது 1,600 அல்ல, 1,120. ஆக உங்களுக்கு மிச்சமானது 3,520 ரூபாய், அதாவது குறித்த விலையில் 44%. சாதாரண தர வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தால், கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட முதலில் 50 என்றுதான் எழுதுவார்கள்.

கழிவதைக் கூட்டாமல் மிஞ்சுவதைப் பெருக்கிப் பழகுங்கள்: 0.7 × 0.8 = 0.56. இருபதை முதலில் கழித்து முப்பதைப் பிறகு கழித்தாலும் விடை மாறாது. இரண்டு தடவை 50% கழித்தால் பொருள் இலவசமாகிவிடாது, கால்விலைக்கு வரும்.

மூதூர் வியாபாரி:
ஆசிரியர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனால் 44% என்று நேரடியாக எழுதாமல் இரண்டாகப் பிரித்து எழுதுவதற்குக் காரணம், பார்ப்பவரின் மனம் தானாகவே ஐம்பதுக்குப் போய்விடும் என்பதுதான். இதை விற்பவனாகவே சொல்கிறேன். இன்னொரு வழக்கமும் உண்டு: 1,000 ரூபாய்ப் பொருளுக்கு முதலில் 25% ஏற்றி 1,250 என்று குறித்துவிட்டு, பிறகு 20% கழிவு என்று அறிவித்தால், கழிவு போக விலை மறுபடி அதே 1,000 ரூபாய்தான்.

வற் எனப்படும் பெறுமதி சேர் வரியிலும் இதே மயக்கம் வரும். இலங்கையில் அது 2024 ஜனவரி முதல் 18%. கழிவு 20%, வரி 18%, ஆகவே 2% இலாபம் என்று சிலர் எண்ணுகிறார்கள். 10,000 ரூபாயில் 20% போனால் 8,000. அதற்கு 18% சேர்த்தால் 9,440. உண்மையில் குறைவது 5.6%.

உவர்மலைக்காரி:
இருவருக்கும் மிக்க நன்றி. தம்பியின் காற்சட்டைக்குரிய விலைச்சீட்டு கிழிந்துவிட்டது. 25% கழிவு போக 3,600 ரூபாய் கொடுத்தேன். அதற்கு 25% கூட்டிப் பழைய விலை 4,500 என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அதுவும் பிழைதானே?

நிலாவெளி ஆசிரியர்:
பிழைதான். 3,600 என்பது பழைய விலையின் முக்கால் பங்கு. மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கினால் 4,800 வரும். 4,500 ரூபாயில் 25% கழித்துப் பாருங்கள், 3,375 தான் வரும்; நீங்கள் கொடுத்த தொகை வராது.

உவர்மலைக்காரி:
இப்போது பற்றுச்சீட்டு முழுவதையும் அதே முறையில் சரிபார்த்தேன். சேலைக்குக் கீழே ஒரு சட்டை இருக்கிறது: குறித்த விலை 2,600, அதற்கும் 30% கழிவு. பெருக்கினால் 1,456 ரூபாய் வரவேண்டும்; ஆனால் 1,820 அறவிட்டிருக்கிறார்கள். மேலதிக 20% கழிவு சட்டைக்குப் போடப்படவேயில்லை.

மூதூர் வியாபாரி:
அப்படியானால் 364 ரூபாய் வித்தியாசம். பதாகையின் அடியில் "சேலைகளுக்கு மட்டும்" என்று சிறிய எழுத்தில் இருந்ததா என்று முதலில் பாருங்கள், தங்கச்சி. இல்லையென்றால் பற்றுச்சீட்டையும் சட்டையின் விலைச்சீட்டையும் கொண்டு, கூட்டம் குறைந்த காலை வேளையில் போய்க் கேளுங்கள்.